சகலையின் இரண்டு கதவு கார்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘டோட்டல் லாஸ்’ என்று பெயர். வைத்தவன் நான்தான். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எவ்வளவு, சரி செய்யலாமா இல்லை பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாமா என்று எழுதிக் கொடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை அவருக்கு. அந்தத் தாள்கள் பக்கத்து மேசையில் இருக்கும் என்னிடம்தான் வரும். பத்துக்கு நாலு தாளில் ‘டோட்டல் லாஸ்’ என்றே எழுதியிருப்பார். அவரிடம் ஒரு வண்டி பிழைத்து வருவது அவ்வளவு லேசில்லை.

கண் அப்படிப்பட்ட கண். தெருவோரம் நிற்கும் காரைக் கடந்து போகும்போதே, “இடது கதவு மாத்தினது” என்பார். நான் கடன் வாங்கி எடுத்த புது வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, “பின் பம்பரைக் கழட்டி மாட்டியிருக்காங்களே தம்பி, கேட்டியா?” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஓட்டியது சாம்பல் நிறத்தில் ஒரு நாலு கதவு வண்டி. பன்னிரண்டு வருடமாக அதே வண்டி, ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது.

அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையின் கணவர்தான் இந்தக் கதையில் வரும் சகலை. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். ஒரு சின்ன அறை, மெழுகு, மாவுக்கட்டுப் பொடி, கையகல உலை, கழுத்து வளையும் விளக்கு. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு உட்கார்ந்து பல் தேய்ப்பார். நட்டு எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்றுகூடத் தெரியாத மனிதர் என்று சர்வேயர் ஆரம்பத்தில் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்தக் கார் கண்ணில் பட்டதே சர்வேயரால்தான். ஒரு சனிக்கிழமை, கிடங்கு முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்கப் போனவர் துணைக்குச் சகலையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். முப்பது வருடப் பழைய கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகக் குனிந்த உடம்பு, கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்தது. அதன் காலத்தில் பெரிய பெயர் வாங்கிய வண்டி. ஒரு பாலத்துச் சுவரில் பக்கவாட்டாக மோதி, வழக்கு முடியாமல் மூன்று மழைக்காலம் வெட்டவெளியில் நின்றிருந்தது. தரைத் தகட்டின் வழியாகப் புல் முளைத்திருந்தது. சர்வேயர் வழக்கம்போல எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகலை அதை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார்.

“அண்ணே, இதை நான் எடுத்துக்கலாமா?”

“எதுக்கு? கோழி வளக்கவா?”

“சும்மா. பிரிச்சுப் பாக்கலாம்னு.”

இரும்பு விலைக்கு வாங்கி, இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு போனார். இரண்டு வருடம் குடும்பத்தில் எல்லாருக்கும் அது நல்ல சிரிப்பு. மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், “கோழி முட்டை போட்டுச்சா?” என்று சர்வேயர் ஆரம்பிப்பார். சகலையும் சேர்ந்து சிரிப்பார். மூன்றாம் வருடம் இஞ்சின் ஓடியது. சிரிப்பு நின்றது.

மொத்தம் ஒன்பது வருடம் சகலை அதைச் செய்தார். தெரியாததை எல்லாரிடமும் கேட்டார். வெல்டிங் போடுகிறவரிடம் பல்செட்டுக்குப் பதிலாக வெல்டிங் கற்றுக்கொண்டார். பழைய டர்போவை எடுத்துவிட்டுப் பெரியது போட்டார், அந்த அழுத்தத்தைத் தாங்க உள்ளே கெட்டியான பிஸ்டன் போட்டார், காற்றைக் குளிர வைக்க முன்னால் அகலமாக ஒரு இன்டர்கூலர் வைத்தார். கடையில் கிடைக்காத குழாய் ஒன்றுக்குத் தங்கப்பல்லுக்குச் செய்வதுபோல மெழுகில் வடிவம் செய்து, அச்செடுத்து, அலுமினியத்தில் வார்த்து வாங்கினார். கியர் குமிழைப் பல்செட் செய்கிற அதே பொருளில் செய்தார். தந்த நிறத்தில், அடியில் ஈறு நிறத்தில் ஒரு வளையம். கையில் பிடித்தால் யாரோ ஒரு ராட்சசனின் கடைவாய்ப் பல் மாதிரி இருக்கும். சிரிப்பு வரும், ஆனால் கையை எடுக்க மனம் வராது.

டர்போ என்றால் என்ன என்று எனக்கு விளக்கியதும் சர்வேயர்தான். புகையாக வெளியே போகிற வேகத்தை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரம் இஞ்சினுக்குள் காற்றை அடைத்துத் திணிக்கும். கொஞ்ச நேரம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஒரு சீழ்க்கை கேட்கும், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லும்போது அவர் முகம் இருபது வயதுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. கல்லூரியில் படிக்கும்போது அந்த மாதிரிக் கார் ஒன்றின் படத்தைப் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தாராம். இதை அவர் சகலையிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பொறாமை என்ற வார்த்தையையும் அவர் சொன்னதில்லை. “பாதுகாப்பில்லாத வண்டி” என்பார். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா” என்பார். திங்கட்கிழமை காலையில் அவர் பேனாவை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு அந்தக் கார் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். வந்திருந்தால் அவராகவே சொல்லவும் செய்வார், அடங்காமல்.

“மாமனார் எழுபத்தஞ்சு வயசுல அதுக்குள்ள ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்கிறார்ப்பா. என் வண்டியில ஏத்தினா இடுப்பு வலிக்குதுன்னு சொல்ற மனுஷன்.”

இன்னொரு நாள்: “என் பொண்ணு சொல்றா, காலேஜ்ல சித்தப்பா வந்து விடட்டும்னு. நான் வண்டிச் சாவியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

ஒருமுறை ஒரு பத்திரிகையில் அந்தக் காரின் படம் முழுப்பக்கம் வந்தது. பக்கத்தில் சகலை, கையைத் துணியில் துடைத்தபடி. அந்தப் பத்திரிகை எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. சர்வேயர் அதை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “முன் பக்கக் கண்ணாடி ஒரிஜினல் இல்ல” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கை ஈரம் காய்வதற்குள், சகலை அவரிடம் வந்து சொன்னார்:

“அண்ணே, காரை வித்துடலாம்னு இருக்கேன். நீங்கதான் வித்துத் தரணும்.”

சர்வேயருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பணமுடையோ, உடம்புக்கு ஏதாவதோ என்று நினைத்துக்கொண்டார். குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டு, “ஏன், என்னாச்சு?” என்றார்.

“ஒண்ணும் ஆகலண்ணே. முடிஞ்சிருச்சு. இனிமே அதுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு பழைய வேன் பாத்திருக்கேன், தூக்கினா கையோட வருது தகடு. அதை நிறுத்த எடம் வேணும்.”

மறுநாள் இதை என்னிடம் சொல்லிக் குமுறினார். “ஒன்பது வருஷம் செஞ்சதை ஒருத்தன் எடம் வேணும்னு விப்பானாப்பா? ஒரு சொட்டு வருத்தம் இல்ல அவனுக்கு. எனக்கு அந்த வண்டி இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை முழுங்கிக்கொண்டார். ஒருவரிடம் இருப்பதைப் பார்த்து வயிறு எரிவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரால் விட முடிவதைப் பார்த்து எரிந்தது அவருக்குத்தான்.

விற்றுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சாக்கில் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிடலாம் என்று, டார்ச், கண்ணாடி, பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். மேலே பூச்சு கனமாக இருந்தால் அடியில் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கருவி காட்டிக் கொடுக்கும். கதவு, கூரை, பானெட், பின்பக்கம் என்று எண்பது இடத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே கனம். கீழே படுத்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தையும் அளந்து பார்த்தார். வெல்டிங் தழும்புகள் தையல் போட்டதுபோல வரிசையாக இருந்தன. பாலத்துச் சுவரில் அடிபட்ட இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ‘வலதுபுற வைப்பர் ரப்பர் தேய்ந்துள்ளது’ என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காக அரை நாள்.

விளம்பரத்தையும் அவரேதான் எழுதினார். படித்தால் யாருக்கும் ஆசை வராத மாதிரி எழுதினார். “பழைய மாடல். மாற்றங்கள் செய்யப்பட்டது. பார்த்தபின் முடிவு செய்யவும்.” அப்படியும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர். காரைப் பார்ப்பதற்கு முன்னால் காருக்கு முன்னால் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். சைலன்சரைக் கழற்றிவிட்டால் தெருவே அதிருமா என்று கேட்டார். சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்வேயரே அவரைக் கிளப்பி விட்டார்.

அடுத்து வந்தவர் எலும்பு டாக்டர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. தட்டைச் செருப்பு, வெட்டிய முடி, அநாவசியமாக ஒரு பேச்சு இல்லை. பானெட்டைத் திறந்ததும் நேராக மெழுகில் அச்செடுத்த அந்தக் குழாயைத் தொட்டு, “இது கடையில கெடைக்காதே, யார் வார்த்தது?” என்றார். சகலை பதில் சொல்ல, அவர் அடுத்த கேள்வி கேட்க, இரண்டு பேரும் காருக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் பேசினார்கள். சர்வேயர் கையில் கோப்போடு ஓரமாக நின்றார். பிறகு டாக்டரம்மா ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

“நாளைக்குச் சொல்றேன். ஆனா எடுத்துக்கற மாதிரிதான்” என்றார்.

டாக்டரம்மாவுக்குத்தான் இந்தக் கார் போகணும் என்று யாருக்கும் தெரியும். சர்வேயருக்கும் தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. சகலையிடமிருந்து போய் ஒரு முட்டாளிடம் சேர்ந்திருந்தால் மூன்று மாதத்தில் நொறுங்கியிருக்கும், இவரும் நிம்மதியாகியிருப்பார். தகுதியான கையில் இருந்து இன்னொரு தகுதியான கைக்குப் போகிறது, நடுவில் இவர் தரகர்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

“மேடம், நான் சொல்றது நமக்குள்ள இருக்கட்டும். என் தொழில் தர்மத்துக்குச் சொல்றேன். அந்த வண்டியோட அடிச்சட்டம் ஒருதடவை வளைஞ்சு நிமித்தினது. பாக்கத் தெரியாது. வேகத்துல போறப்போ ஒருநாள் காட்டிடும்.”

“நான் ஒட்டவெச்ச எலும்பை நம்பி மனுஷனை நடக்கச் சொல்லுவேன். ஓடச் சொல்ல மாட்டேன். சொன்னதுக்கு நன்றி” என்று டாக்டரம்மா வைத்துவிட்டார்.

சட்டம் வளையவே இல்லை. அளந்து பார்த்தவரே அவர்தான்.

இதற்கு அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். கேன்டீனில் மூலை மேசை. இரண்டு காபி வாங்கி இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

“நீ வாங்குற மாதிரி போய் வாங்கணும். பணம் என்னோடது. பேர் உன்னோடது.”

“சார், எனக்குக் கார்ல ஹாரன் எங்க இருக்குன்னுதான் தெரியும்.”

“அதான் நல்லது. ஒண்ணும் கேக்காத. பாத்தேன், பிடிச்சிருக்குன்னு சொல்லு.”

ஏன் நேரடியாகவே கேட்கக்கூடாது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டாவது காபியையும் குடித்துவிட்டேன். ஒன்பது வருடம் கேலியும் குறையும் பேசியவர் இன்றைக்குப் போய், “எனக்குக் குடு” என்று கை நீட்டுவதா? சகலை கொடுத்துவிடுவார் என்பதுதான் அவருக்குப் பயமே.

போனேன். சகலை காரைத் திறந்து காட்டினார். நான் டயரைக் காலால் தட்டினேன், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்கோ பார்த்த ஞாபகம். “நல்லா இருக்கு” என்றேன். ஓட்டிப் பாக்கலையா என்று கேட்டார். “பரவாயில்ல” என்றேன். பானெட்டைத் திறக்கட்டுமா என்றார். “எதுக்கு, மூடியே இருக்கட்டும்” என்றேன். மனிதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே, விலையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். நான் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தரை ஓடு விற்கும் கடை ஒன்றின் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கார் அதற்குள் போனது. சர்வேயர் காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி என்று வீட்டைவிட்டுக் கிளம்புவார். ஷெட்டைத் திறந்து, ஏரிக்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பூட்டுவார். முதல் வாரம் அலுவலகத்துக்கு வந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. யாருடைய வண்டிக்கும் டோட்டல் லாஸ் எழுதவில்லை. ஒரு நசுங்கிய சரக்கு ஆட்டோவைக்கூட, “பாவம், சரி பண்ணிக் குடுக்கட்டும்” என்றார்.

இரண்டாவது வாரம் பெட்ரோல் போடப் போனார். பங்கில் இருந்தவர் தூரத்திலேயே காரைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணாடி இறங்கியதும் கை இறங்கிவிட்டது.

“பல்செட் சார் இல்லீங்களா? நல்லா இருக்காரா? நீங்க… டிரைவரா?”

எதிரே வந்த லாரிக்காரர் விளக்கைப் போட்டு அணைத்து வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்ததும் குழம்பிப் போனார். வளைவில் இருக்கிற டயர் கடைக்காரர் எழுந்து நின்று, பார்த்து, உட்கார்ந்துவிட்டார். காரைத்தான் வாங்கினோம், அந்தக் கையசைப்புகளை வாங்கவில்லை என்று சர்வேயருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டினார்.

ஓட்டவும் சரியாக வரவில்லை. அந்தச் சீழ்க்கை ஆரம்பிக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அவர் கால் தானாகவே பின்வாங்கியது. முப்பது வருடம் நசுங்கிய வண்டிகளையே பார்த்த கால். கார் உந்திக்கொண்டு கிளம்பும், இவர் விட்டுவிடுவார், அது ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும். “என்னைக் கேலி பண்ற மாதிரியே இருக்குப்பா அந்தச் சத்தம்” என்றார் என்னிடம்.

வீட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் விடியற்காலையில் எழுந்து, முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார். மெல்லிய அடியுள்ள புது ஷூ வாங்கியிருக்கிறார். ஏழு மணிக்கு வரும்போது வேர்வையே இல்லை. தனக்குத்தானே சிரிக்கிறார். அல்லது பேசாமல் சுவரைப் பார்க்கிறார். அவர் மனைவி இரண்டு மாதம் பொறுத்துவிட்டு ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உங்களை என் கூடப்பொறந்தவனா நெனச்சுக் கேக்கறேன். யாரு அவ?”

“எவ அக்கா?”

“மழுப்பாதீங்க. உங்க ஆபீஸா, வேற ஆபீஸா?”

“அக்கா, சத்தியமா அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்போ எப்படி?” என்றார் உடனே. நான் போன் கேட்காத மாதிரி, “ஹலோ, ஹலோ” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாத வீட்டில் நெருப்பு வைத்தது நான்தான் என்று பிறகு சர்வேயர் என்னைத் திட்டினார்.

மறுநாள் காலை அந்த அம்மா தங்கையை வரவழைத்து, அவளுடைய வண்டியில் இரண்டு பேருமாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். தரை ஓட்டுக் கடைக்குப் பின்னால் கணவர் ஷெட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் அந்த அம்மா வண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்றாராம். தங்கைதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே சர்வேயர் குந்தி உட்கார்ந்து காரின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா காரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார்.

“ஒரு பொம்பளையா இருந்தாலாவது நாலு பேர்கிட்ட சொல்லி அழுதிருப்பேன். இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?” என்று சொல்லி, அங்கே கிடந்த, ஓடு அடுக்கிய பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. இத்தனை வருடமாகக் கணவர் முகம் கறுத்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், தன் சமையலில் குறையா, தன் அப்பா பேச்சில் குறையா என்று யோசித்தவர் அந்த அம்மாதானே.

தங்கைதான், நல்ல மனதோடுதான், அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“அய்யோ அத்தான், கேட்டிருந்தா அவர் சும்மாவே குடுத்திருப்பாரே. உங்க ஆபீஸ்காரர் வந்தன்னிக்கே அவருக்குத் தெரியும். பானெட்டையே தெறக்காம ஒருத்தன் வாங்குனா அது யாருக்குன்னு தெரியாதா? அதான் விலையக் கொறச்சேன்னாரு.”

சர்வேயர் எழுந்திருக்கவே இல்லை. கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திருடி எடுத்துக்கொண்டதாக நினைத்தது, தானமாகக் கைக்கு வந்திருந்தது.

அன்று மாலையே சகலை ஷெட்டுக்கு வந்தார். தண்ணீர் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டார். எண்ணெய் பார்த்தார். எப்போதும்போலப் பேசினார். சர்வேயரால்தான் தாங்க முடியவில்லை.

“உனக்குக் கோவமே வராதா? திட்டேன்டா என்னை!”

சகலை பானெட்டை மூடினார். மூடிய மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார்:

“வந்துச்சுண்ணே. ஆள் வெச்சு வாங்குனதுக்கு வரல, அது சிரிப்புதான். ஆனா அந்த டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணி, ‘சட்டம் வளைஞ்சதை நீங்களே சொல்லியிருக்கலாமே’ன்னு கேட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. ரெண்டு நாள் நான் வேலைக்கே போகல. அந்தச் சட்டத்துல துரு எடுக்க மட்டும் ஏழு மாசம் ஆச்சு எனக்கு. நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. அதை ஏன்ணே சொன்னீங்க?”

சர்வேயர் வாயைத் திறந்தார். “பாதுகாப்பு” என்று ஏதோ ஆரம்பித்தார். பிறகு, முதல்முறையாக, அந்த வார்த்தையைச் சொன்னார்.

“பொறாமைடா.”

“தெரியும். அதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கி, மாவுக்கட்டுப் போட்ட கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதினேழாவது நம்பர். உள்ளே போனதும், “எங்க வலி?” என்று நிமிராமலே கேட்டார் டாக்டரம்மா. இவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

“உங்க பேச்சை நம்பி ஒரு நல்ல மனுஷனை நான் ஏமாத்துக்காரன்னு நெனச்சேன். மூணு மாசம். இது உங்களுக்குப் புரியுதா?”

“புரியுதுங்க.”

“எழுதிக் குடுங்க. உங்க லெட்டர்ஹெட்ல, கையெழுத்துப் போட்டு. நான் சொல்ற எடத்துல சட்டத்தை அளக்கணும், நான் பக்கத்துல நிப்பேன். சரியா இருந்தா நீங்க குடுத்த விலைக்கே எனக்குக் குடுக்கணும். ஒத்துக்கறீங்கன்னா உக்காருங்க. இல்லன்னா அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லுங்க.”

உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதிய அறிக்கைகளில் எனக்குத் தெரிந்து ஒரு குறைகூட இல்லாத ஒரே அறிக்கை அதுதான். வைப்பர் ரப்பரைக்கூட அவரே மாற்றிவிட்டார்.

அளந்தார்கள். ஒரு மயிரிழை பிசகவில்லை. காரை எடுத்துக்கொள்ள வந்த அன்று டாக்டரம்மா, “வாங்க, ஒரு சுத்து போகலாம்” என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை என்றார் என்னிடம். ஏரிக்கரைச் சாலையில் சீழ்க்கை ஆரம்பித்தது. இவர் கால், பக்கத்து இருக்கையில் இருந்தபடியே, பின்வாங்கியது. டாக்டரம்மாவின் கால் வாங்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிக் கார் போனது. தாண்டினால் என்ன இருக்கிறது என்று சர்வேயர் அன்றுதான் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு சார்?” என்று கேட்டேன்.

“அதை ஏன் கேக்கற. அவ்வளவு நாள் என் கையில இருந்துச்சு, ஒரு தடவை எனக்கு அது வரல. அந்தம்மாவுக்கு முதல் நாளே வருது.” பிறகு, “நல்லா ஓட்டறாங்க” என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், அவருடைய பல்லை யாரோ பிடுங்குவது மாதிரி இருந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. சர்வேயர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மா கிளினிக்குக்குப் போகும் வழி எங்கள் அலுவலகத் தெருதான். ஒன்பதே காலுக்கு அந்தச் சத்தம் கேட்கும். சர்வேயர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவார். “மூணாவது கியரைச் சீக்கிரம் மாத்திட்டாங்க” என்பார். மாற்றியிருக்க மாட்டார்கள். எனக்கே அது தெரியும்.

சகலையின் வேன் இன்னும் எலும்புக்கூடாகத்தான் நிற்கிறது. எங்கெல்லாம் துரு உள்ளே ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி அவர்தான் சர்வேயரைக் கூப்பிட்டார். இவர் கருவியோடு போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துப் புரண்டு, நூற்றுப்பன்னிரண்டு இடத்தில் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு வந்தார். சகலை அத்தனை வட்டத்தையும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றாராம், இவ்வளவு வேலை இருக்கிறதே என்று.

“பாரு, அதுலயும் சந்தோஷம் அவனுக்கு” என்று திங்கட்கிழமை என்னிடம் சொன்னார் சர்வேயர். பேனாவை மேசையில் வைத்த சத்தம் பழைய சத்தம்தான். வீட்டில் இப்போதெல்லாம் மறைப்பதில்லையாம். மாமனார் வீட்டிலிருந்து திரும்பும்போது அவர் மனைவியே கேட்டுவிடுவார், “இன்னிக்கு எவ்வளவு எரிஞ்சுது?” என்று. இவரும் சாலையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சமா, நிறையவா என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். போன ஞாயிறு நிறைய என்று கேள்வி. மாமனார் அந்தத் துருப்பிடித்த வேனுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.